காலில் நெளிந்து ஓடும் சிவப்புக் கோடு: நாய், பூனைக் கொக்கிப்புழு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாய், பூனையின் குடலில் வாழும் கொக்கிப்புழுவின் இளம்புழு வழிதவறி மனிதத் தோலுக்குள் புகுந்துவிட்டால் வரும் நோயைப் பற்றியது இந்தப் பக்கம். மருத்துவர்கள் இதை க்யூட்டேனியஸ் லார்வா மைக்ரன்ஸ் என்பார்கள், மருந்துச்சீட்டில் சி.எல்.எம். என்று சுருக்கியும் எழுதுவார்கள். சரியாகக் கண்டுகொண்டால் பெரும்பாலும் ஒரு வேளை மாத்திரையில் தீர்ந்துவிடும். கண்டுகொள்ளாமல் விடும்போதுதான் வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, படர்தாமரைக் களிம்பிலிருந்து அலர்ஜி ஊசிவரை எல்லாம் போட்டுப் பார்த்து, காசும் போய், காலும் புண்ணாகிறது. அந்த அலைச்சல் யாருக்கும் வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறேன்.

பாதத்தில் கோடு போலத் தடித்திருக்கிறது. தினமும் நீண்டுகொண்டே போகிறது. இது புழுதானா?

பெரும்பாலும் ஆம். "தினமும் நீள்கிறது" என்று நீங்கள் சொல்வதுதான் முக்கியமான தடயம். தோல் நோய்களில் பல பரவும், பல வட்டமாக விரியும். ஒரே முனையில் மட்டும் நீண்டுகொண்டு போகிற நோய்கள் மிகச் சில.

கோட்டைக் கிட்டத்தில் பாருங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலம் இருக்கும். விரலால் தடவினால், தோலுக்கடியில் தடித்த நூலை வைத்துத் தைத்ததுபோல லேசாக மேடு தட்டும். நேராகப் போகாது, வளைந்து, திரும்பி, சில இடத்தில் தன்னையே சுற்றிக்கொண்டு போகும். பழைய முனை மங்கி, காய்ந்து, செதிலாக உதிரத் தொடங்கியிருக்கும். புது முனை சிவந்து, சில நேரம் சின்னக் கொப்புளத்தோடு இருக்கும். ஒரு நாளைக்குச் சில மில்லிமீட்டரிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர்வரை நகரும். சந்தேகமாக இருந்தால் இன்று ராத்திரி பால்பாயிண்ட் பேனாவால் புது முனையில் ஒரு புள்ளி வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கும் நாளை மறுநாளும் அதேபோல எடுங்கள். அந்த மூன்று படங்களும் எந்த ரத்தப் பரிசோதனையையும்விட மருத்துவருக்கு உதவும்.

அரிப்பு கடுமையாக இருக்கும், ராத்திரியில் இன்னும் கூடும். "பகல் முழுக்க வேலையில் தெரியவில்லை, படுத்ததும் ஆரம்பித்துவிடுகிறது" என்று சொல்லாதவர்கள் குறைவு.

எங்கிருந்து வந்தது இந்தப் புழு?

நாய், பூனையின் மலத்திலிருந்து மண்ணுக்கு, மண்ணிலிருந்து உங்கள் தோலுக்கு. மனிதருக்கு இந்த நோயைத் தருவதில் முதலிடம் ஆன்சிலோஸ்டோமா பிரேசிலியென்ஸ் என்ற வகைக்கு. இது நாய், பூனை இரண்டிலும் இருக்கும். நாயின் கொக்கிப்புழுவான ஆன்சிலோஸ்டோமா கேனைனம் உட்பட வேறு சிலவும் உண்டு.

பெண்புழு நாயின் சிறுகுடலில் பற்களால் கடித்துத் தொங்கிக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அந்த முட்டைகள் மலத்தோடு வெளியே வந்து, ஈரமும் நிழலும் கதகதப்பும் உள்ள மண்ணில் விழுந்தால் ஒன்றிரண்டு நாளில் பொரிக்கும். பொரித்த உடனே அந்த இளம்புழுவால் நம்மை ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு முறை சட்டை உரித்து, ஏறக்குறைய 5 முதல் 10 நாளில்தான் தோலைத் துளைக்கும் நிலைக்கு வரும். வந்த பிறகு, மண் காயாமல் இருந்தால் மூன்று நான்கு வாரம்வரை காத்துக்கிடக்கும். அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும் நீளம். வெறும் கண்ணால் மண்ணில் தேடிப் பிடிக்க முடியாது.

இந்த 5 நாள் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வியில் இது வேலைக்கு வரும்.

வெறுங்காலோ, தொடையோ, கையோ அந்த மண்ணில் படும்போது, மயிர்க்கால், வியர்வைத் துளை, சின்ன வெடிப்பு வழியாக இளம்புழு உள்ளே நுழைகிறது. புகும்போது லேசான சுருக்கென்ற உணர்வு சிலருக்கு இருக்கும், பலருக்குத் தெரியாது. கோடு வெளியே தெரியச் சில நாளிலிருந்து சில வாரம்வரை ஆகலாம். அதனால்தான் "எங்கே பட்டது?" என்று கேட்டால் பலருக்கும் நினைவு வருவதில்லை. நேற்று போன இடத்தை மட்டும் யோசிக்காதீர்கள். போன மாதம் எங்கே உட்கார்ந்தோம் என்றும் யோசியுங்கள்.

தோலுக்குள் போன புழு மூளைக்கு, கண்ணுக்கு, வயிற்றுக்குப் போய்விடுமா?

இந்தப் பயத்தோடுதான் எல்லோரும் வருகிறார்கள். தோலுக்குள் கோடு போடும் இந்தப் புழு, கிட்டத்தட்ட எப்போதும் தோலின் மேல் அடுக்கிலேயே இருந்து அங்கேயே செத்துப்போகும்.

நாயின் தோலில் நுழைந்தால் அது கீழே இறங்கி ரத்தத்தில் சேர்ந்து, நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் போய் வளர்ந்துவிடும். மனிதத் தோலில் மேல்தோலுக்கும் அதற்குக் கீழுள்ள அடுக்குக்கும் நடுவே ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதைக் கரைத்து இறங்குவதற்கான நொதி இந்தப் புழுவிடம் போதாது. கீழே இறங்க வழியில்லாமல் பக்கவாட்டிலேயே ஊர்ந்துகொண்டிருக்கிறது. நீங்கள் பார்க்கும் கோடு அந்த அலைச்சலின் தடம்.

விதிவிலக்குகளையும் சொல்லிவிடுகிறேன். மிக அரிதாகச் சிலருக்கு இருமலும், நுரையீரல் எக்ஸ்ரேயில் நிழலும் வந்ததுண்டு. நாய்க் கொக்கிப்புழு தனியொரு புழுவாக மனிதக் குடலில் போய் ஒட்டிக்கொண்டு கடுமையான வயிற்றுவலியைக் கொடுத்ததை ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரத்தில் புரோசிவ், குரோஸ் என்ற இரு மருத்துவர்கள் 1990ஆம் ஆண்டை ஒட்டி எழுதினார்கள். அப்புறம், ஆன்சிலோஸ்டோமா சிலானிக்கம் என்று ஒரு வகை இருக்கிறது. பெயரே இலங்கையைச் சொல்லும். அங்கே ஒரு புனுகுப்பூனையிடமிருந்து கிடைத்ததை வைத்து ஆர்தர் லூஸ் 1911இல் அதை விவரித்தார். நாய், பூனையின் புழுவாக இருந்தும் மனிதக் குடலில் முழுசாக வளர்ந்து முட்டையிடும் என்று நன்றாகத் தெரிந்தது இது ஒன்றுதான். தென்கிழக்கு ஆசியாவில் பலருக்கு இருக்கிறது.

அதே லூஸ்தான் அதற்கு முன்பு கெய்ரோவில் மனிதக் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் இருந்த நீரைத் தவறுதலாகக் கையில் சிந்திக்கொண்டவர். கை சிவந்து அரித்தது. சில வாரம் கழித்து அவருடைய மலத்திலேயே புழு முட்டை வந்தது. கொக்கிப்புழு வாய் வழியாக மட்டுமல்ல, தோல் வழியாகவும் நுழையும் என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான்.

பள்ளியில் குடற்புழு மாத்திரை கொடுக்கிறார்களே, அது இந்தக் கொக்கிப்புழுவுக்குத்தானே?

அது மனிதக் கொக்கிப்புழுவுக்கும் உருண்டைப்புழு, சாட்டைப்புழுவுக்கும். மனிதக் கொக்கிப்புழுவும் பெரும்பாலும் கால் வழியாகத்தான் நுழைகிறது. ஆனால் அது தோலில் தங்காமல் குடலுக்குப் போய் ரத்தசோகையை உண்டாக்கும். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளை ஒட்டி 1 முதல் 19 வயதுவரை உள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் கொடுப்பது அதற்காக. இரண்டு வயதுக்கு மேல் 400 மில்லிகிராம், ஒரே வேளை.

தோலில் ஊரும் புழுவுக்கு அந்த ஒரு வேளை பல நேரம் போதாது. அதனால் "போன மாதம்தானே பள்ளியில் மாத்திரை போட்டான், இது புழுவாக இருக்காது" என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

யாருக்கெல்லாம் வருகிறது?

வெறும் தோலோடு ஈர மணலில் அதிக நேரம் இருக்கும் யாருக்கும். பிரேசில், கரீபியன் தீவுகள், தாய்லாந்து கடற்கரைகளுக்குப் போய்த் திரும்பும் ஐரோப்பியப் பயணிகளிடம் மிகச் சாதாரணமாகக் காணப்படும் தோல் நோய்களில் இது ஒன்று. அதனால் பாடப்புத்தகங்களில் இது "சுற்றுலாப் பயணியின் நோய்" போலவே எழுதப்பட்டிருக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. பயணி இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகிறார்; அந்தக் கடற்கரையில் வலை உலர்த்துகிறவரும் அவர் குழந்தையும் வருஷம் முழுக்க அதே மணலில் இருக்கிறார்கள். பிரேசிலின் ஏழைக் குடியிருப்புகளில் நடந்த ஆய்வுகளில், மழைக்காலத்தில்தான் நோய் கூடுகிறது, சின்னக் குழந்தைகளைத்தான் அதிகம் பிடிக்கிறது என்று தெளிவாகத் தெரிந்திருக்கிறது. இந்தியாவிலும் கேரளம், தமிழ்நாடு, புதுச்சேரி என்று கடலோரப் பகுதிகளிலிருந்து தோல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

நம் ஊரில் கடற்கரையைவிட நான் அதிகம் சந்தேகப்படுவது வீட்டு வாசலில் கொட்டிவைத்திருக்கும் கட்டுமான மணலை. லாரி வந்து கொட்டிவிட்டுப் போகும். வேலை நடுவில் நின்றால் ஒரு மழைக்காலம் முழுக்க அங்கேயே கிடக்கும். மேல்மணல் வெயிலில் வெளுத்துக் காய்ந்திருக்கும். காலால் கொஞ்சம் கிளறினால் அடியில் கறுத்து, சில்லென்று ஈரமாக இருக்கும். மதியம் நாய் அதில் குழி பறித்துப் படுக்கும், ராத்திரி பூனை மலம் கழித்து மூடிவிட்டுப் போகும், சாயங்காலம் தெருப் பிள்ளைகள் சட்டி பானை வைத்து வீடு கட்டி விளையாடும். டவுசர் இல்லாமல் உட்காரும் சின்னக் குழந்தைக்குப் பாதத்தில் இல்லாமல் பிட்டத்திலும் தொடையிலும் கோடு வருவது இதனால்தான். மணல் சலிக்கும் சித்தாளுக்குக் கையிலும் வரலாம்.

அமெரிக்காவிலும் இதே கதை நடந்திருக்கிறது. ஃபுளோரிடாவில் வீடுகளுக்கு அடியில் இருந்த தாழ்வான இடைவெளியில், ஈர மணலில் மல்லாந்து படுத்து வேலை செய்த பிளம்பர்களுக்கு இது தொழில் நோயாகவே இருந்தது. 1920களில் அந்த மாநிலத்தில்தான் கிர்பி-ஸ்மித், டவ், ஒயிட் ஆகியோர் இந்தக் கோட்டுக்குக் காரணம் கொக்கிப்புழுவின் இளம்புழு என்று கண்டுபிடித்தார்கள். 2006இல் மயாமியில் ஒரு குழந்தைகள் கோடை முகாமில் 22 பேருக்கு ஒரே நேரத்தில் வந்தது. விளையாட்டு மணல் தொட்டியில் தெருப்பூனைகள் புழங்கியிருந்தன.

அப்படியானால் கடற்கரைக்கே போகக் கூடாதா?

தாராளமாகப் போங்கள். அலை வந்து நனைத்துப் போகும் மணல் பெரும்பாலும் பாதுகாப்பானது. உப்புநீர் கழுவிக்கொண்டே இருப்பதால் இளம்புழு அங்கே தங்காது. நடு வெயிலில் காய்ந்து சுடும் மணலிலும் அது பிழைக்காது. கவனம் வேண்டியது இரண்டுக்கும் நடுவில்: அலை எட்டாத மேட்டில், படகு நிழலிலும் மரத்தடியிலும் கடை ஓரத்திலும் உள்ள ஈர மணல். நாய்கள் படுக்கும் இடமும் அதுதான், நாம் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடும் இடமும் அதுதான்.

செருப்போடு நடங்கள். உட்கார நாற்காலியோ தடிமனான பாயோ இருந்தால் நல்லது. மெல்லிய துண்டு நனைந்துவிட்டால் தடுப்பாக இருக்காது. குழந்தைக்கு டவுசர் போட்டு உட்காரவையுங்கள். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுவது நல்ல பழக்கம்தான், ஆனால் அதற்குள் புழு நுழைந்திருக்கலாம். கழுவிவிட்டோம் என்பதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

வெறுங்காலோடு பாதயாத்திரை போவதை விடச் சொல்லப்போவதில்லை. போய்வந்த ஒரு மாதம்வரை காலைப் பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும்.

படர்தாமரை, சேற்றுப்புண், சொறி, அக்கி: இவற்றிலிருந்து எப்படிப் பிரித்து அறிவது?

படர்தாமரை வட்டமாக விரியும். ஓரம் சிவந்து நடுப்பகுதி தெளிந்திருக்கும். சேற்றுப்புண் விரலிடுக்கில் வெளுத்து ஊறி, நாற்றத்தோடு இருக்கும். சொறியில் சின்னச் சின்னப் பொரிகள் விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி என்று பல இடத்தில் வரும். வீட்டில் இன்னொருவரும் சொறிந்துகொண்டிருப்பார். சொறியிலும் சின்னக் கோடு உண்டு, ஆனால் அது ஒரு சென்டிமீட்டரைத் தாண்டுவது அபூர்வம்.

அக்கியோடு குழப்பிக்கொள்வது கிராமங்களில் சாதாரணம். கோடும் கொப்புளமும் சிவப்பும் இருப்பதால் "அக்கி எழுதிட்டு வா" என்று குயவர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். காவி பூசியபின் கோடு எங்கே முடிகிறது என்று மருத்துவருக்கும் தெரியாமல் போய்விடும். அக்கி கொத்துக் கொத்தாகக் கொப்புளம் போடும், உடம்பின் ஒரு பக்கத்தில் ஒரு பட்டையாக நிற்கும், அரிப்பைவிட எரிச்சலும் வலியும் அதிகமாக இருக்கும். ஒரு முனையில் நீண்டுகொண்டே போகாது. "பூரான் ஊர்ந்த தடம்" என்று சொல்வதும் பல நேரம் இந்தப் புழுவின் கோட்டைத்தான். பூரான் கடித்தால் கடித்த இடத்தில் உடனே வலிக்கும். மறுநாள் தடம் நீளாது.

இன்னொன்று கவனிக்க வேண்டியது. கோடு நாள்கணக்கில் இல்லாமல் மணிக்கணக்கில் நீண்டால், ஒரு மணி நேரத்தில் பல சென்டிமீட்டர் ஓடினால், அதுவும் பிட்டம், ஆசனவாயைச் சுற்றித் தொடங்கினால், அது வேறு புழு: ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ். அது மனிதக் குடலில் பல ஆண்டுகள் தங்கக்கூடியது; ஸ்டீராய்டு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த வேகத்தைப் பார்த்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போங்கள்.

ரத்தம், மலம், பயாப்ஸி எதுவும் பார்க்க வேண்டாமா?

பொதுவாக வேண்டாம். கண்ணால் பார்த்தே சொல்லிவிடக்கூடிய நோய் இது. புழு நம் குடலில் வளராததால் மலத்தில் முட்டை வராது. ரத்தத்தில் ஈஸினோஃபில் என்ற வெள்ளணு சிலருக்குக் கூடும், பலருக்குக் கூடாது. தோலை வெட்டி எடுத்துப் பார்த்தாலும் புழு பெரும்பாலும் அகப்படாது. கோட்டின் முனைக்கும் தாண்டி, வெளியே ஒன்றும் தெரியாத தோலுக்குள் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் முன்னால் அது போயிருக்கும்.

மருந்து என்ன?

ஐவர்மெக்டின், அல்லது அல்பெண்டசோல். இரண்டும் மருத்துவர் சீட்டோடு வாங்க வேண்டியவை.

ஐவர்மெக்டின் எடைக்குக் கணக்கிட்டு ஒரே வேளை: கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். 60 கிலோ உள்ளவருக்கு 12 மில்லிகிராம். பெரும்பாலானோருக்கு இந்த ஒரு வேளையே போதும். கோடு நிற்காவிட்டால் மருத்துவர் இன்னொரு வேளை கொடுப்பார். ஜப்பானில் சதோஷி ஓமுரா மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்த மருந்து இது. அவருக்கும் வில்லியம் கேம்ப்பெல்லுக்கும் இதற்காக 2015இல் நோபல் பரிசு கிடைத்தது.

அல்பெண்டசோல் என்றால் பெரியவர்களுக்கு 400 மில்லிகிராம் வீதம் 3 முதல் 7 நாள். கொஞ்சம் எண்ணெய், நெய் உள்ள சாப்பாட்டோடு எடுத்தால் ரத்தத்தில் நன்றாகச் சேரும். காலையில் வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு "கேட்கவில்லை" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மயிர்க்கால்களில் கொப்புளம் கொப்புளமாக வரும் ஒரு வகை உண்டு, பெரும்பாலும் பிட்டத்தில். அதற்கு ஒரு வேளை மருந்து போதாமல் மறுபடி கொடுக்க நேரும்.

மெடிக்கலில் கேட்டு ஒரு க்ரீம் வாங்கிப் போட்டேன். அரிப்பு குறைந்தது, கோடு நிற்கவில்லை. ஏன்?

நீங்கள் வாங்கியதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, ஸ்டீராய்டு மூன்றையும் ஒரே டியூபில் கலந்த க்ரீம்கள் நம் நாட்டில் மிட்டாய்போல விற்கின்றன. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அமுக்கிவிடும், புழுவை ஒன்றும் செய்யாது. சிவப்பு மறைவதால் கோடும் மங்கி, நோயைக் கண்டுபிடிப்பதே கஷ்டமாகிவிடும். வாரக்கணக்கில் போட்டால் தோல் மெலியும். அந்த டியூபை இன்றே நிறுத்திவிட்டு, மருத்துவரிடம் போகும்போது கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

ஊசியால் கிளறி எடுத்துவிடலாமா? ஐஸ், சூடு, மண்ணெண்ணெய், வேப்பிலை?

கிளற வேண்டாம். நீங்கள் குத்தும் இடத்தில் புழு இல்லை. அது முன்னாலேயே போய்விட்டது. மிஞ்சுவது புண்தான். முன்பெல்லாம் திரவ நைட்ரஜனால் உறையவைப்பார்கள். அதுவும் இதே காரணத்தால் கைவிடப்பட்டது. தவிர, இளம்புழு உறைநிலைக்குக் கீழே பல டிகிரி குளிரையும் சில நிமிடம் தாங்கிவிடும், தோல்தான் வெந்துபோகும்.

மண்ணெண்ணெய், பெட்ரோல், சுண்ணாம்பு, ஊதுபத்திச் சூடு எல்லாமே தோலைச் சுடும். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவதால் புண்ணில்லாத தோலுக்குப் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் புழு சாகும் என்று காத்திருக்க வேண்டாம். அரிப்புக்குத் துணியில் சுற்றிய ஐஸை ஐந்து நிமிடம் வைக்கலாம். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள், குழந்தைக்கும் வெட்டிவிடுங்கள்.

தானாகவே போய்விடும் என்கிறார்களே?

உண்மைதான். புழு நம் தோலுக்குள் வாழப் பிறந்ததல்ல. சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில் செத்துவிடும். ஆனாலும் விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அத்தனை வாரமும் ராத்திரி தூக்கம் போகும். சொறிந்த இடத்தில் பாக்டீரியா புகுந்து சீழ் வைக்கும். அந்தக் கிருமி ஸ்ட்ரெப்டோகாக்கஸாக இருந்தால், குழந்தைகளுக்குச் சில வாரம் கழித்துச் சிறுநீரகம் பாதிக்கப்படவும் இடம் உண்டு. காய்ச்சல், காலில் வீக்கம், சூடு, சீழ், முகம் உப்புதல், சிறுநீர் நிறம் மாறுதல் இவற்றில் ஏதாவது தெரிந்தால் அன்றே காட்டுங்கள்.

கர்ப்பமாக இருக்கிறேன். குழந்தைக்கு ஏதாவது ஆகுமா? மாத்திரை போடலாமா?

தோலில் உள்ள புழு வயிற்றுக் குழந்தையிடம் போகாது. முதலில் அந்தக் கவலையை விடுங்கள். ஐவர்மெக்டினைக் கர்ப்பக் காலத்தில் தவிர்ப்பார்கள். அல்பெண்டசோலை, குறிப்பாக முதல் மூன்று மாதத்தில் கொடுக்கமாட்டார்கள். மேலே பூசும் மருந்து கொடுப்பதா, பிரசவம்வரை அரிப்பை மட்டும் அடக்கி வைப்பதா என்பதை உங்கள் மகப்பேறு மருத்துவரும் தோல் மருத்துவரும் பேசி முடிவு செய்வார்கள். பாலூட்டுகிறவர்களும் கேட்டுக்கொண்டுதான் சாப்பிட வேண்டும். 15 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைக்கும் ஐவர்மெக்டின் வழக்கமாகக் கொடுப்பதில்லை. அவர்களுக்கு வேறு வழி பார்ப்பார்கள்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது.

அப்படியானால் காத்திருக்க வேண்டாம். அரிப்பைத் தணிக்கச் சுடுதண்ணீரில் காலை வைப்பது பலரின் வழக்கம். நரம்பு மரத்துப்போன பாதத்துக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும். பாதத்தில் ஒரு புண் உங்களுக்கு என்னவாக முடியக்கூடும் என்று உங்களுக்கே தெரியும். சொறியாதீர்கள், சுடுதண்ணீர் வேண்டாம், இந்த வாரமே காட்டிவிடுங்கள்.

வீட்டில் மற்றவர்களுக்கு ஒட்டுமா? தனித் துண்டு, தனிப் படுக்கை வேண்டுமா?

ஒட்டாது. எதுவும் வேண்டாம். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு வந்தால், இருவரும் ஒரே மணலில் இருந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மாத்திரை போட்டு மூன்று நாள் ஆகிறது, இன்னும் அரிக்கிறது.

கோடு நீள்கிறதா என்று மட்டும் பாருங்கள். நீளவில்லை என்றால் மருந்து வேலை செய்துவிட்டது. அரிப்பு சில நாளில் அடங்கும். தடம் மங்க ஒன்றிரண்டு வாரம் ஆகும், கறுத்த நிறம் போக இன்னும் கொஞ்சம் கூட. ஒரு வாரம் கழித்தும் புது முனை நகர்ந்துகொண்டிருந்தால் திரும்பப் போய்க் காட்டுங்கள்.

லீவுக்கு ஊருக்கு வந்துவிட்டு லண்டன் திரும்பிய பிறகு மகளுக்குக் கோடு தெரிகிறது. இங்கே டாக்டர் எக்ஸிமா என்கிறார்.

குளிர்நாடுகளில் பொது மருத்துவர் ஒருவர் இதைப் பார்க்காமலேயே பல வருஷம் ஓட்டிவிடலாம், அதனால் முதலில் தவறுவது இயல்பு. நீங்களே மூன்று விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்: எந்தத் தேதியில் எந்த ஊரில் வெறுங்காலோடு மணலில் விளையாடினாள், கோடு ஒரு நாளைக்கு எவ்வளவு நீள்கிறது, அப்புறம் க்யூட்டேனியஸ் லார்வா மைக்ரன்ஸாக இருக்குமா என்ற உங்கள் சந்தேகம். தினமும் எடுத்த போட்டோவைக் காட்டுங்கள். தேவைப்பட்டால் வெப்பமண்டல நோய்ப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டில் நாய் வளர்க்கிறோம். அதை என்ன செய்வது?

விரட்ட வேண்டாம், புழு மருந்து கொடுங்கள். நாயை மடியில் வைத்துக் கொஞ்சுவதால் இந்த நோய் வராது. அதன் மலம் மண்ணில் சில நாள் கிடந்தால்தான் வரும். நாய்க் கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாகக் குட்டிக்குப் போவதால், குட்டிக்கு இரண்டு வாரத்திலிருந்தே கால்நடை மருத்துவர் சொல்லும் கணக்கில் மருந்து தொடங்க வேண்டும், தாய்க்கும் கூடவே. ஈறு வெளுத்து, கறுத்த நிறத்தில் மலம் போகும் குட்டியைத் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். புழு குடித்த ரத்தம் அது, குட்டிகள் இதில் செத்தே போகும். வளர்ந்த நாய், பூனைக்கு எத்தனை மாதத்துக்கு ஒரு முறை என்பதை அது வெளியே திரிவதைப் பொறுத்துச் சொல்வார்கள்.

தெருநாய்களும் பூனைகளும் இருக்கும் தெருவில், பூங்காவில் என்னதான் செய்ய முடியும்?

முட்டை பொரித்து, தோலைத் துளைக்கும் நிலைக்கு வர 5 நாளாவது வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? தினமும் மலத்தை அள்ளிவிட்டால் அந்த மண்ணில் புழுவே உருவாகாது. செலவில்லாத, மருந்தில்லாத வழி இதுதான். அள்ளியதைக் குப்பையில் போடுங்கள், செடிக்கு உரமாகப் போடாதீர்கள்.

வாசலில் கொட்டிய மணலைத் தார்ப்பாய் போட்டு நான்கு ஓரமும் செங்கல் வைத்து மூடுங்கள். நாயும் பூனையும் ஏறாமல் இருக்க வேண்டும், அதுதான் நோக்கம். ஏற்கெனவே அவை புழங்கிய மணல் என்றால், வெயில் நாளில் மெல்லியதாகப் பரப்பிவிட்டு நன்றாகக் காயவிடுங்கள். ஈரம் வற்றினால் இளம்புழு செத்துவிடும். பிளீச்சிங் பவுடர் தூவுவதை நம்பாதீர்கள். பள்ளியிலோ அங்கன்வாடியிலோ விளையாட்டு மணல் தொட்டி இருந்தால், மாலையில் மூடுவது யார் பொறுப்பு என்று ஒரு பெயரைக் கேட்டு வாங்குங்கள். எல்லோர் பொறுப்பும் என்றால் யாரும் மூடமாட்டார்கள்.

தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யப் பிடிக்கிறபோதே ஒரு புழு மாத்திரையும் கொடுத்துவிடலாம். பிடிப்பதுதான் கடினமான வேலை, மாத்திரைக்குச் செலவு சொற்பம். உங்கள் வார்டு கவுன்சிலரிடமும், தெருவில் நாய்களுக்குச் சோறு வைப்பவர்களிடமும் இதைக் கேளுங்கள். சோறு வைக்கிறவர்கள் கையிலிருந்து அந்த நாய்கள் மாத்திரையையும் தின்னும். என்ன மாத்திரை, எந்த அளவு என்பதைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுக்கொண்டால் போதும்.